மலையைப் பார்த்தபடி

இன்று காலை ஜெபத்தில் 121ஆம் சங்கீதம். எங்கள் ஃபேர்லேண்ட்ஸ் மொட்டைமாடியிலிருந்து ஏற்காடு மலை தெரியும். கொடியில் காயும் போர்வையை ஒதுக்கிவிட்டுத்தான் பார்க்கணும். சங்கீதக்காரர் மலையைப் பார்த்துக் கேட்டதையே நானும் கேட்டேன்: உதவி எங்கிருந்து வரும்? மகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட இன்னும் நாலே நாள்.

மனசு என்னவோ கொல்லிமலைக்குப் போயிடுச்சு. 1929இல் காய்ச்சலில் இறந்த கணவர் ஜெஸ்ஸி பிராண்டை அங்கேயே அடக்கம் செய்தவர் மிஷனரி எவலின் பிராண்ட். மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலைக்கே திரும்பி, குதிரையில் ஊர் ஊராகச் சுற்றினார். 1974இல் இறக்கும்போது வயது 95. அந்த அம்மாவுக்குப் பயமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பமாட்டேன். பயத்தோடுதான் குதிரை ஏறியிருப்பார்.

ஃபீஸ் சலானை சங்கீதப் பக்கத்திலேயே செருகி வைத்திருக்கிறேன். காபி ஆறிப்போச்சு.