காலியாகத் தெரிந்த ஃபோல்டர்



நேற்று மகளுக்குச் சாப்பாடு கொடுக்க அவளுடைய ஆய்வகத்துக்குப் போனேன். முகம் வெளிறி உட்கார்ந்திருந்தாள். "மூணு வருஷத் தரவுப்பா. ஃபோல்டர் காலியா இருக்கு."

எனக்குக் கணினி அவ்வளவாகத் தெரியாது. கேள்வி கேட்கத் தெரியும். "இந்தப் பெட்டிக்குள்ளேயாம்மா இருந்துச்சு?"

"இல்லைப்பா, லஸ்டர்ல. ஒரே கோப்பைத் துண்டு துண்டாப் பல சர்வர்ல வைக்கும். எந்தத் துண்டு எங்கேன்னு இன்னொரு சர்வர் கணக்கு வச்சிருக்கும். இதுல கிளையன்ட் மட்டும்தான்..." சொல்லும்போதே நிமிர்ந்தாள். முந்தின நாள் லினக்ஸ் கெர்னல் அப்டேட் ஆகியிருக்கிறது. பழைய கெர்னலுக்கான கிளையன்ட் மாட்யூல் புதியதில் ஏறவில்லை. தரவு பத்திரம், வகுப்பறைக் கதவு மட்டும்தான் பூட்டியிருந்தது!

புதிய கெர்னலுக்கான கிளையன்ட்டை நிறுவி, மவுண்ட் செய்தாள். கோப்புகள் வரிசையாக வந்து நின்றன.

அப்புறம்தான் சாப்பிட்டாள். ரசம் ஆறிப்போயிருந்தது.