ஒரு பாகை

என் தந்தையார் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறை ஒன்றில் பணியாற்றியவர். அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதே என்பதே அவர் எனக்குக் கற்றுத்தந்த முதற்பாடம். கணித ஆசிரியரான பின்னும் அதையே பற்றி நின்றேன். அது மட்டும் போதாது என்று எனக்கு உணர்த்தியவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி.

கரும்பலகையில் வரைந்த முக்கோணம் அசையாது. அடிப்பக்கம் கிடையாக இருந்தால்தான் முக்கோணம் என்று எண்ணிவிடும் பிள்ளைகளும் உண்டு. எனவே, அசையும் வடிவங்களைக் கொண்ட இணையப்பக்கங்களை உருவாக்கத் தொடங்கினேன். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் தொடங்கிய 'ஜியோஜீப்ரா' என்னும் மென்பொருள் அதற்குத் துணைநின்றது. நம் கணிதப் பாடநூல்களின் விரைவுக் குறியீடுகள் சில உங்களை அழைத்துச் செல்வதும் அதனிடமே.

முதற்பக்கம் முக்கோணத்தின் கோணங்களைப் பற்றியது. முனையை இழுத்தால் முக்கோணம் உருமாறும். மூன்று கோணங்களின் அளவும் மாறும். கீழே 'கூடுதல் 180°' என்ற வரி மட்டும் மாறாது. பார்வைக்கு எளிமையாக இருக்கட்டும் என்று கோணங்களை முழு எண்களில் காட்டியிருந்தேன்.

வகுப்பில் ஒவ்வொருவராக வந்து முனையை இழுத்தனர். அம்மாணவி இழுத்து நிறுத்தியபோது திரையில் 46, 67, 68 என்ற எண்கள் தோன்றின. "ஐயா, கூட்டினால் 181 வருகிறதே!" என்றாள். வகுப்பு சிரித்தது, நான் திகைத்தேன். உண்மை அளவுகள் 45.6, 66.7, 67.7 என்பதையும், முழுமையாக்கியதால் ஒரு பாகை மிகுந்தது என்பதையும் விளக்கினேன். அவள் விடவில்லை. "45.6 என்பதும் முழுமையாக்கியதாக இருக்கலாமே, ஐயா? சரியாக 180தான் என்று எப்படித் தெரியும்?"

அன்றிரவு தந்தையாரிடம் இதைச் சொன்னேன். "எந்த அளவிலும் மயிரிழை பிசகும். எவ்வளவு பிசகலாம் என்பதை வரைபடத்திலேயே குறித்திருப்பார்கள். அதற்குள் இருந்தால் பொருள் தேறும்" என்றார். பட்டறைக்கு அது போதும், வடிவியலுக்குப் போதாது. ஆயிரம் முக்கோணங்களை அளந்தாலும், அளக்காத முக்கோணம் ஒன்று எஞ்சியே நிற்கும்.

மறுநாள் காலை அம்பத்தூர் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தேன். ஆவடி நோக்கி நீண்ட இரு தண்டவாளங்களைப் பார்த்தபோது, பக்கத்தை எப்படித் திருத்துவது என்பது தெளிவாயிற்று. முக்கோணத்தின் மேல்முனை வழியாக அடிப்பக்கத்திற்கு இணையாக ஒரு கோடு வரைய வேண்டும். மற்ற இரு பக்கங்களும் அந்த இணைகோடுகளை வெட்டும் குறுக்குவெட்டிகளாகின்றன. அடிப்பக்கக் கோணங்கள் இரண்டும், ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பதால், மேல்முனையின் இருபுறமும் வந்து அமர்கின்றன. நடுவில் மேற்கோணம். மூன்றும் சேர்ந்து ஒரு நேர்கோணத்தை நிரப்புகின்றன, நேர்கோணம் 180°. இங்கே எந்த அளவும் எடுக்கவில்லை. ஆகவே பிசகுவதற்கும் ஒன்றுமில்லை. ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன் யூக்ளிட் தம் 'எலிமெண்ட்ஸ்' முதல் நூலின் 32ஆம் கூற்றில் இவ்வுண்மையை நிறுவியதும் ஓர் இணைகோட்டின் துணைகொண்டுதான்.

புதிய பக்கத்தில் அந்த இணைகோட்டைச் சேர்த்தேன். 181 என்ற பிழையை அழிக்கவில்லை. அதையே பக்கத்தின் முதல் வினாவாக வைத்தேன். அசையும் படம் ஓர் உண்மையைக் கண்ணுக்குக் காட்டும். அது ஏன் உண்மை என்பதை அறிவுதான் கண்டடைய வேண்டும். திரையில் தெரிந்ததை அப்படியே ஏற்காமல், தானே கூட்டிப் பார்த்த அந்தப் பிள்ளையிடம் அன்று நான் மாணவனாக இருந்தேன்.