குறிஞ்சியும் தேயிலையும்

மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி என்று பள்ளியிலே படித்தோம். கேமரன் மலையின் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நான், என் நிலம் குறிஞ்சியே என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். தனிநாயகம் அடிகளாரின் எழுத்துகளைப் பயின்ற பின்னரே அவ்வெண்ணத்தில் ஐயம் தோன்றியது.

சேவியர் தனிநாயகம் அடிகளார் 1913-இல் இலங்கையின் வடபகுதியில் பிறந்தவர். உரோமையில் பயின்று கத்தோலிக்கக் குருவானவர். வடக்கன்குளத்தில் ஆசிரியப் பணியாற்றியபோதுதான் தமிழ் இலக்கியத்தை முறையாகக் கற்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பதை நெருங்கியிருந்தது. அவ்வாறு காலந்தாழ்த்தித் தொடங்கியவரே, 1952-இல் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தோற்றுவித்து, தமிழறியாத உலகத்துக்குத் தமிழை எடுத்துரைத்தார். 1961-இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறையின் தலைமையை ஏற்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது அவரது அரிய உழைப்பின் பயனாகும். 1980-இல் அவர் மறைந்தார்.

சங்கப் பாடல்களில் நிலம் வெறும் பின்னணியன்று. மாந்தர்தம் உணர்வோடு பிணைந்தது என்பதை அடிகளார் தம் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்தார். அந்த அளவுகோலை எம் மலைக்கு வைத்துப் பார்த்தேன். அருவி உண்டு, மூங்கில் உண்டு, பனிமூட்டம் உண்டு. தினைப்புனம் இல்லை, கிளி கடியும் மகளிர் இல்லை. 1929-இல் ரஸ்ஸல் என்பார் இங்குத் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய நாள்முதல், சரிவுகளில் உழைத்தவர் ஒருவர். அவற்றுக்கு உரியவர் வேறொருவர்.

குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். கூலிக்காகக் கடல் கடந்தவர் நெஞ்சில் நிறைந்திருந்ததோ பிரிவு. என் பாட்டி 'ஊர்' என்று சொன்னால் அது தமிழகத்துச் சிற்றூரையே குறிக்கும். நாற்பதாண்டுகள் லயத்தில் வாழ்ந்தும் இந்த மலையை அவர் ஒருநாளும் ஊரென்று அழைத்ததில்லை; அந்த ஊருக்கு மீளவுமில்லை. குறிஞ்சியும் முல்லையும் வெயிலால் வளமிழந்து பாலையாகத் திரியும் என்பர் முன்னோர். மழை ஓயாத இம்மலையிலோ, வெயிலின்றியே பாலை பிறந்தது. அதுவே எம் திணை.

இத்திணையைப் பாட யார் இருக்கின்றனர்? தோட்டத்துப் பிள்ளைகள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். இன்று இங்குக் கொழுந்தெடுப்போருள் வங்காளதேசத்தவரும் நேபாளத்தவரும் உளர். பிரிவின் துயர் அவர்களையும் விட்டபாடில்லை. நம் பாட்டிமாரின் நினைவுகள் எழுத்தில் ஏறாது போயின், இம்மலையில் தமிழர் வாழ்ந்தமைக்குத் தேயிலைச் செடிகளே சான்றாக எஞ்சும், அவையோ பேசா.

நகரத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வாராது எனக் கைவிடுவோர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. முப்பது வயதை அணுகும்போது தமிழைக் கற்கத் தொடங்கிய ஒருவர்தாம் அதனை உலக அரங்கில் ஏற்றினார். பிந்தித் தொடங்குதல் இழுக்கன்று. சொல்ல வேண்டியதைப் பாட்டிமார் இருக்கும்போதே கேட்டு வைப்போம். எழுதும் கை எப்போதாயினும் வந்து சேரும்.