ஆண்டில்லாக் காசு

இலண்டனிற் படிக்கும் என் தங்கை மகன், சில்லறையிற் கிடைத்த இருபது பென்ஸ் நாணயமொன்றின் இருபுறத்தையும் படமெடுத்தனுப்பி, "மாமா, இதில் ஆண்டில்லை, விற்றால் ஒரு தவணைக் கட்டணம் தேறுமா?" என்று வினவினான்.

2008 ஆம் ஆண்டில் அந்நாணயத்தின் பின்புறம் கேடயக் கோலம் பெற்றது. அதுவரை பின்புறத்திலிருந்த ஆண்டு, எலிசபெத்து அரசியாரின் தலையுருவப் பக்கத்துக்கு மாறிற்று. ஆனால் ஒரு தொகுதிக்குப் புதிய பின்னச்சோடு பழைய முன்னச்சே பூட்டப்பட்டுவிட்டது. ஆகவே இருபுறத்திலும் ஆண்டில்லை. தேய்ந்தோ அராவியோ மறைந்ததாயின், அரசியாரின் கூந்தற் கோடுகளும் அருகிலுள்ள எழுத்துக்களும் மழுங்கியிருக்கும். இவன் காசில் எல்லாம் தெளிவு. மெய்யான பிழைதான்!

எனினும், அவ்வாறு வெளிவந்தவை 50,000 முதல் 200,000 வரை என மதிப்பிடப்பட்டுள்ளது. அருமைதான், ஆனால் பத்திரிகைகள் ஆரவாரித்த அளவுக்கன்று. நாணய வணிகர் இருவரிடமேனும் காட்டாமல் விற்காதே என்றெழுதினேன். கட்டணத்துக்கு வேறு வழிதான் தேடவேண்டும்.