டிக்கெட் போடுபவரும் ஓடுபவரும்

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா, அபுதாபி, பிராங்க்பர்ட், லண்டன் என்று எங்காவது இறங்கி ஏறித்தான் ஆக வேண்டும். போகிற ஊர் நியூயார்க், சிகாகோ போலப் பெரிய ஊராக இல்லாமல் கொலம்பஸ் போல இருந்துவிட்டால் இரண்டு இடத்தில் இறங்கி ஏற வேண்டும். இந்த இடைவெளி எவ்வளவு இருக்கலாம் என்பதை முடிவு செய்வதில் நம் குடும்பங்களில் ஒரு விசித்திரமான ஏற்பாடு உண்டு. டிக்கெட் போடுவது அங்கே இருக்கும் பிள்ளை. ஓடுவது இங்கிருந்து கிளம்பும் அப்பாவும் அம்மாவும். ஒன்றேகால் மணி நேரம் தாராளம் என்று நினைப்பவருக்கு வயது நாற்பதுகூட ஆகியிருக்காது. தோளில் ஒரு பையோடு மாதம் இரண்டு முறை பறக்கிறவர். அந்த ஒன்றேகால் மணி நேரத்தைக் கடக்க வேண்டியவருக்கு அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம், கையில் மூன்று பை.

பிள்ளைகளைக் குறை சொல்லிவிட முடியாது. டிக்கெட் தேடினால் மொத்தப் பயண நேரம் குறைந்ததுதான் முதலில் கண்ணில் படுகிறது. அம்மா எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து கஷ்டப்பட வேண்டாமே என்ற அக்கறையும் அதில் இருக்கிறது. தவிர, விற்கிறவர்களே அந்த இடைவெளி போதும் என்கிறார்கள். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்றை வகுத்து வைத்திருக்கிறார்கள். வியன்னா 25 நிமிடம் என்று பெருமையாகவே சொல்லிக்கொள்ளும். பிராங்க்பர்ட்டில் 45. ஹீத்ரோவில் ஒரு மணி நேரம், டெர்மினல் மாற வேண்டுமென்றால் இன்னும் கூடுதல். இதற்குக் கீழே இருந்தால் இரண்டு விமானங்களையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாகக் கணினி விற்காது. ஒரு நிமிடம் மேலே இருந்தால்கூட விற்கும்.

இந்த எண்ணைப் பார்த்து நாம் ஏமாறுகிறோம். சராசரிப் பயணி நிதானமாக நடந்து போய்ச் சேரும் நேரம் என்று எடுத்துக்கொள்கிறோம். அது கம்பெனியின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதற்கான கோடு. அந்த நேரத்துக்குள் முடியாமல் போய், அதற்கு அவர்களுடைய விமானத்தின் தாமதம் காரணமாக இருந்தால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் வேலை. அவ்வளவுதான் அதன் பொருள். உங்கள் அம்மாவின் முழங்காலைக் கேட்டு அந்த எண்ணை யாரும் எழுதவில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இறங்குவது 7.10, ஏறுவது 8.25 என்று டிக்கெட்டில் இருக்கிறது. 8.25 என்பது விமானம் நகரத் தொடங்கும் நேரம். கேட்டை 15, 20 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். ஆக, 8.05. அந்தப் பக்கம் 7.10 என்பது விமானம் வந்து நிற்கிற நேரம். கதவு திறந்து, 42-ஆம் வரிசையில் இருப்பவர் வெளியே வர இருபது நிமிடம் ஆகும். சென்னை விமானத்தில் மேலே இருந்து எத்தனை பை இறங்கும் என்பது ஊரறிந்தது. மணி 7.30. ஏரோபிரிட்ஜ் கிடைக்காமல் ஓரமாக எங்காவது நிறுத்திவிட்டால் பஸ். பஸ் நிரம்ப வேண்டும், ஓடுபாதையின் ஓரமெல்லாம் சுற்றிக்கொண்டு வர வேண்டும். 7.45. ஒன்றேகால் மணி நேரத்தில் மிச்சம் இருபது நிமிடம். அதற்குள் செக்யூரிட்டி, சில ஊர்களில் பாஸ்போர்ட் கவுண்டர், டெர்மினலுக்குள் ஓடும் ரயில், அப்புறம் நடை. முதல் விமானம் சரியான நேரத்துக்கு வந்தால்தான் இந்தக் கணக்கும்.

செக்யூரிட்டி என்றதும் ஊறுகாயைச் சொல்லியாக வேண்டும். 2006-இல் லண்டனில் விமானங்களைத் திரவ வெடிகுண்டால் தகர்க்கத் திட்டமிட்டவர்கள் பிடிபட்ட பிறகுதான் 100 மில்லி கட்டுப்பாடு வந்தது. ஊறுகாய், புளிக்காய்ச்சல், நெய் எல்லாம் அந்த விதியில் திரவமே. சென்னையில் எப்படியோ தப்பித்து வந்த பாட்டில் இடைவழியில் மாட்டும். ஒரு முறை எனக்கு முன்னால் நின்ற அம்மாளின் பையைத் திறந்தார்கள். பிளாஸ்டிக் கவருக்குள் கவர், அதற்குள் ரப்பர் பேண்ட் போட்ட கவர், அதற்குள் செய்தித்தாள் சுற்றிய நார்த்தங்காய். எண்ணெய் கசிந்து தாள் கண்ணாடி போல ஆகியிருந்தது. கையுறை மாட்டிய பெண் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, மேலதிகாரியைக் கூப்பிட்டு, அவர் வந்து முகர்ந்து பார்த்து, பிறகு தொட்டியில் போட்டார்கள். அதே பையில் இட்லித் தட்டுகள் வேறு. எக்ஸ்ரே திரையில் ஓட்டை ஓட்டையாக உலோக வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால் எந்த அதிகாரி விடுவார்? ஊறுகாயும் இட்லித் தட்டும் செக்-இன் பெட்டிக்குள் போக வேண்டியவை. மருந்து மட்டும் கைப்பையில் இருக்கட்டும். இடைவெளி குறைந்தால் நாம் பிடிக்கிற விமானத்தைப் பெட்டி பிடிக்காமல் போவது சகஜம்.

அடுத்தது வீல்சேர். இதைப் பற்றி நம்மவர்களைக் கேலி செய்து நிறையப் பேசுகிறார்கள். நன்றாக நடக்கிறவர்களுக்கும் பிள்ளைகள் வீல்சேர் சொல்லிவிடுகிறார்கள் என்று. அந்தக் கேலியில் எனக்கு உடன்பாடு இல்லை. வாழ்நாளில் இரண்டாவது முறையாக விமானம் ஏறுகிற ஒருவருக்கு, ஆங்கில அறிவிப்பு காதில் நிற்காத ஒருவருக்கு, ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள டெர்மினலில் வழி காட்ட வேறு யார் இருக்கிறார்கள்? கால் நடக்கும், ஊர் தெரியாதே. ஆனால் குறைந்த இடைவெளியோடு வீல்சேர் சேர்ந்தால் அது உதவியா உபத்திரவமா என்பது அன்றைய நாளைப் பொறுத்தது. வீல்சேர்ப் பயணிகள் விமானத்திலிருந்து கடைசியில்தான் இறங்குவார்கள். ஐரோப்பாவில் 2006-இல் வந்த சட்டப்படி இந்த உதவி விமான நிலையத்தின் பொறுப்பு. விமான கம்பெனி ஆளே கடைசிவரை கூட வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஒருவர் கதவிலிருந்து ஒரு காத்திருப்பு இடம் வரை தள்ளிவருவார். அங்கிருந்து கேட் வரை இன்னொருவர் வர வேண்டும். அந்த இன்னொருவர் எப்போது வருவார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நானும் மனைவியும் மகள் வீட்டுக்குப் போகும்போது ஐரோப்பிய விமான நிலையம் ஒன்றில் அப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு நேரம் நிறைய இருந்தது. பக்கத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தம்பதி. ஐயா பேசவே இல்லை. அந்த அம்மா கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள். மகன் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார்: ‘இறங்கியதும் வீல்சேர் ஆள் வருவார். அவரோடு போகவும். நீங்களாக எங்கேயும் போக வேண்டாம்.’

“சார், அந்த போர்டுல எங்க விமானத்துக்கு நேரா என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?” என்றார். எழுந்து போய்ப் பார்த்தேன். போர்டிங் நடந்துகொண்டிருந்தது. மேசையில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். அவர் பட்டியலைப் பார்த்து, ஆள் வந்துகொண்டிருக்கிறார், உட்காருங்கள் என்றார். கேட் அங்கிருந்து பத்து நிமிட நடைதான்.

“அம்மா, நீங்க நடப்பீங்களா? நான் கூட வர்றேன்.”

“நடப்பேன் சார். வயல் வரப்புல நடந்த காலுதானே. ஆனா தம்பி போகக் கூடாதுன்னு எழுதியிருக்கானே.”

அவர் தாளைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். பேட்டரி வண்டி வந்தபோது கேட் மூடியாகிவிட்டது. அடுத்த விமானம் மறுநாள்தான். அமெரிக்க விசா கையில் இருந்தாலும் ஷெங்கன் விசா இல்லாததால் வெளியே ஹோட்டலுக்கும் போக முடியாது. என் போனில் மகனைப் பிடித்துக் கொடுத்தேன். “ஒன்றரை மணி நேரம் இருந்துச்சேம்மா” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது எனக்கே கேட்டது. அந்த அம்மா, “இருந்துச்சு கண்ணு” என்றார்.

விமானம் ஏன் ஐந்து நிமிடம் காத்திருக்கக் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. விழுப்புரம் ஜங்ஷனில் ஒரு வண்டி வரும்வரை இன்னொரு வண்டி நின்ற காலத்தில் வளர்ந்தவர்களுக்கு அது நியாயமான கேள்விதான். சில சமயம் நிற்கவும் செய்கிறது. அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் 2019-இல் கனெக்‌ஷன்சேவர் என்றே ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தது. எத்தனை பேர் ஓடி வருகிறார்கள், காத்திருந்தால் வழியில் நேரத்தை ஈடுகட்ட முடியுமா என்று பார்த்துச் சொல்லும். ஆனால் பெரிய விமான நிலையத்தில் புறப்பாட்டு முறையை விட்டால் அடுத்த முறை எப்போது என்று தெரியாது. விமானிகளின் வேலை நேரத்துக்கும் சட்ட வரம்பு உண்டு. இரண்டு பேருக்காக நிற்க மாட்டார்கள். நாற்பது பேர் என்றால் யோசிப்பார்கள்.

அமெரிக்காவுக்குள் இன்னொரு விமானம் பிடிக்க வேண்டியிருந்தால் கணக்கே வேறு. பெட்டியில் கடைசி ஊரின் டேக் ஒட்டியிருந்தாலும், முதலில் இறங்கும் அமெரிக்க ஊரில் இமிகிரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸைக் கடந்து, மறுபடி பெல்ட்டில் போட்டு, மறுபடி செக்யூரிட்டிக்கு நிற்க வேண்டும். ஓரிரு விதிவிலக்குகள் தவிர இதுதான் நடைமுறை. நான்கு பெரிய விமானங்கள் ஒரே நேரத்தில் வந்திறங்கினால் இமிகிரேஷன் வரிசை மட்டுமே ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். அபுதாபியில் 2014 முதல் அமெரிக்க அதிகாரிகளே உட்கார்ந்து இந்தச் சோதனையை முடித்து அனுப்புகிறார்கள். அயர்லாந்தின் டப்ளின், ஷானனிலும் உண்டு. அந்த வழியில் வந்தால் அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணி போல இறங்கலாம். பெற்றோருக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அந்தச் சோதனைக்கான நேரத்தை அபுதாபியிலேயே ஒதுக்க வேண்டும் என்பதை டிக்கெட் போடும்போது மறந்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது இரண்டு தனித்தனி டிக்கெட். துபாய் வரை ஒன்று, அங்கிருந்து வேறு கம்பெனியில் இன்னொன்று என்று வாங்கினால் கொஞ்சம் பணம் மிச்சமாகும். ஆனால் இரண்டாவது கம்பெனிக்கு முதல் விமானம் ஒன்று இருப்பதே தெரியாது. அது தாமதமானால் நீங்கள் வராத பயணி. பணம் போகும்; அதே டிக்கெட்டில் திரும்பி வரும் பயணமும் பெரும்பாலும் ரத்தாகிவிடும். இளைஞர்கள் தங்களுக்கு இப்படிச் செய்துகொள்ளட்டும். பெற்றோருக்குச் செய்வது அநியாயம்.

விமானம் தவறினால் ஐரோப்பியச் சட்டத்தில் 600 யூரோ கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். பாதி உண்மை. 2004-இல் வந்த அந்தச் சட்டம் கடைசி ஊரைச் சேரும் நேரத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013-இல் சொன்னது. அதே நீதிமன்றம் 2022-இல், ஒரே டிக்கெட்டில் கிளம்புகிற ஊரும் சேர்கிற ஊரும் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து நடுவில் மட்டும் ஐரோப்பாவில் இறங்கி ஏறினால் இந்தச் சட்டம் பொருந்தாது என்றும் சொல்லிவிட்டது. சென்னையிலிருந்து சிகாகோவுக்குப் போகிற நம்மவர்கள் அந்த இரண்டாவது வகை.

தவறிய பிறகு பதறாமல் இருக்கச் சில சின்ன ஏற்பாடுகள் போதும். பல நேரம் நாம் இறங்குவதற்குள்ளேயே கம்பெனி அடுத்த விமானத்தில் பெயரைப் போட்டிருக்கும். ட்ரான்ஸ்ஃபர் கவுண்டரில் பாஸ்போர்ட்டை நீட்டினால் புதுப் போர்டிங் பாஸ் வரும். உணவுக்கு என்ன ஏற்பாடு, இரவு எங்கே என்று அங்கேயே கேட்க வேண்டும், கேட்டால்தான் கிடைக்கும். சில ஊர்களில் வைஃபைக்கு ஓ.டி.பி. கேட்கும், ரோமிங் இல்லாத இந்திய சிம்முக்கு அது வரவே வராது. அதனால் பிள்ளையின் எண் போனுக்குள் மட்டும் இருந்தால் போதாது, தாளிலும் இருக்க வேண்டும்.

டிக்கெட் போடும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இடையில் மூன்று மணி நேரம் விடுங்கள். அமெரிக்காவில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டுமென்றால் அங்கே நான்கு. கடைசியாக ஏறும் உள்நாட்டு விமானம் அன்றைய கடைசி விமானமாக இருக்க வேண்டாம். எழுதித் தரும் தாளில், வீல்சேர் ஆள் அரை மணி நேரத்தில் வராவிட்டால் யாரிடம் எதைக் காட்டிக் கேட்க வேண்டும், எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பணம் கட்டும் பொத்தானை அழுத்துவதற்கு முன் அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, இந்த இடைவெளி போதுமா என்று அவர்களையே கேளுங்கள்.