வக்கரையில் ஒரு பௌர்ணமி

திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகத் திருவக்கரைக்குப் போகும்போது வேனில் நாங்கள் ஐந்து பேர். ஆறாவது ஆள் என் தங்கை மகளின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். பிறந்து இரண்டு மாதம். முகம் பூப்போல இருக்கும். ஆனால் துணியை விலக்கினால் இரண்டு பாதங்களும் உள்பக்கமாக மடங்கியிருந்தன.

"மூணு பௌர்ணமி வக்கிரகாளி கிட்ட வந்தா வக்கிரமெல்லாம் நிவர்த்தியாகும்" என்று சம்பந்தியம்மா நம்பினார். டாக்டர் உடனே மாவுக்கட்டு போடவேண்டும் என்று சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. "சாமி குடுத்த பிள்ளைங்க இது. குடுத்ததை நாம திருத்தலாமா?" என்பார். என் தங்கை மகள் வாய் திறக்காமல் அழுவாள். எனக்கும் பதில் தெரியவில்லை. சாமி குடுத்ததைக் குறை சொல்ல எந்தத் தாய்க்குத்தான் மனசு வரும்?

கோயில் வாசலில் நுழைந்ததும் காளியம்மன் சந்நிதி. பௌர்ணமி என்பதால் நள்ளிரவு ஜோதி தரிசனத்துக்குக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. அம்மன் காதில் குழந்தை வடிவில் ஒரு குண்டலம். அரக்கன் வக்கிராசுரனின் தங்கை துன்முகியை அழிக்க வந்தபோது அவள் கர்ப்பிணி. வயிற்றுப் பிள்ளையைக் கொல்லக் கூடாது என்று, அதை எடுத்துத் தன் காதில் அணிந்துகொண்ட பிறகே அவளை வதம் செய்தாளாம் அம்மன். ஸ்தல புராணம் கேட்டபோது சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளே சந்திரமௌலீஸ்வரர் மூன்று முகத்தோடு லிங்க வடிவில் இருக்கிறார். சம்பந்தர் பாடிய ஸ்தலம். கோபுரம், கொடிமரம், நந்தி, சுவாமி எதுவும் இங்கே ஒரே நேர்க்கோட்டில் இல்லை. "பார்த்தீங்களா, இங்க சாமியே நேரா இல்ல. அப்புறம் நம்ம பிள்ளை காலுக்கு என்ன குறை?" என்றார் சம்பந்தியம்மா. எனக்கும் ஒரு நிமிஷம் அது சரியாகத்தான் பட்டது.

ஆனால் இந்தச் சிவன் கோயிலைக் கருங்கல்லில் புதுப்பித்துக் கட்டியவர் கண்டராதித்த சோழரின் தேவி செம்பியன் மாதேவி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நடந்தது. முன்னோர் கொடுத்த கோயில்தானே, இருக்கிறபடியே இருக்கட்டும் என்று அந்த அம்மாள் விட்டிருந்தால் இன்று நாம் கும்பிட என்ன மிஞ்சியிருக்கும்? இதை அங்கே நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஜோதிக்கு நேரம் இருந்ததால் பக்கத்திலிருக்கும் கல்மரப் பூங்காவுக்குப் போனோம். 247 ஏக்கர். மத்திய அரசின் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கிறது. சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் 1781-லேயே இந்த மரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்திய மரங்கள். கிளையோ இலையோ கிடையாது, அடிமரம் மட்டும்தான். எங்கிருந்தோ வெள்ளத்தில் அடித்து வந்து மணலில் புதைந்தவை என்கிறார்கள். சிலிக்கா கரைந்த நீர் மெல்ல மெல்ல உள்ளே ஊறி, மரம் கல்லாகிவிட்டது. வளையங்கள்கூட அப்படியே தெரிகின்றன.

சம்பந்தியம்மா ஒரு மரத்தைத் தடவிப் பார்த்தார். "அசல் மரம் மாதிரியே இருக்கே!"

"மரமாத்தாங்க இருந்தது. இளசா இருந்தப்போ வளைஞ்சிருக்கும். இப்ப வளையுமா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குழந்தையின் காலைப் பார்த்தார். திரும்பி வரும் வழியெல்லாம் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, "அந்த டாக்டர் என்னிக்கு வரச் சொன்னாரு?" என்று மட்டும் கேட்டார்.

சகோதரிகளே, இதற்கு வளைபாதம் என்று பெயர். பிறந்த சில வாரங்களில் தசைநார் இளசாக இருக்கும்போதே ஆரம்பிப்பது நல்லது. பொன்செட்டி என்ற டாக்டர் கண்ட முறை இது. வாரம் ஒரு முறை காலை மெதுவாகத் திருப்பி மாவுக்கட்டு போடுவார்கள். பெரும்பாலும் ஐந்தாறு கட்டு ஆகும். தேவைப்பட்டால் குதிகால் தசைநாணில் சின்னதாக ஒரு கீறல். பிறகு கம்பி இணைத்த ஷூ. முதல் மூன்று மாதம் நாள் முழுக்க, அப்புறம் நான்கு வயது வரை தூங்கும்போது. ஷூவை நிறுத்தினால் கால் மறுபடியும் மடங்கிவிடும். பல வீடுகளில் தவறு நடப்பது இங்கேதான். அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் விசாரியுங்கள். சிகிச்சை இலவசம்.

எங்கள் பையனுக்கு இப்போது மூன்று வயது. ஓடுகிறான். கெண்டைக்கால் கொஞ்சம் மெலிவுதான், அது அப்படியே இருக்கும் என்றார் டாக்டர். அதை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். தினம் ராத்திரி அழ அழ ஷூ மாட்டிவிடுவது வேறு யாருமில்லை, சம்பந்தியம்மாதான். மாட்டும்போது, "வக்கிரகாளித் தாயே" என்று சொல்லிக்கொண்டேதான் வாரை இறுக்குவார்.

மூன்றாவது பௌர்ணமிக்கும் போனோம். மாவுக்கட்டோடு.