திரும்பி வரும் வல்லூறு

பள்ளிக்கு ஒரு கொடி உண்டு. ஒரு பாடல் உண்டு. சில பள்ளிகளுக்கு அடையாளச் சின்னமும் உண்டு. துணியில் வரைந்த சின்னத்திற்குப் பசி இல்லை, நோய் இல்லை. விழா முடிந்ததும் மடித்துப் பெட்டியில் வைத்துவிடலாம். ஆனால், சின்னம் உயிருள்ள பறவையாக இருந்தால் என்ன செய்வது?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வான்படை அதிகாரிகளை உருவாக்கும் கல்லூரி ஒன்று உள்ளது. அது 1954ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் மாணவர் அணி வந்து சேர்ந்தது. அவர்களுக்கு வழிகாட்ட மூத்த மாணவர் இல்லை. பின்பற்ற மரபும் இல்லை. கல்லூரிக்கென நிலையான கட்டடங்கள்கூட அப்போது எழவில்லை. டென்வர் நகரிலிருந்த வான்படைத் தளத்திலேயே வகுப்புகள் நடைபெற்றன. அந்நிலையில் அம்மாணவர்களே வல்லூற்றைத் தம் கல்லூரியின் சின்னமாகத் தேர்ந்தெடுத்தனர்.

வானத்தைக் களமாகக் கொண்டோருக்கு அப்பறவை பொருத்தமானதே. கூரிய பார்வையும் அஞ்சாமையும் அதன் இயல்புகள். வல்லூறுகளுள் ஒருவகை, இரையை நோக்கிப் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தை எட்டும். கல்லூரியின் முதல் வல்லூற்றுக்கு 'மாக் 1' எனப் பெயரிட்டனர். அது ஒலியின் வேகத்தைக் குறிக்கும் அளவாகும்.

இப்பறவைகளைப் பழக்கும் பொறுப்பு மாணவர்களுடையதே. உணவு தருதல், எடை பார்த்தல், இருப்பிடத்தைத் துப்புரவு செய்தல் எனப் பணிகள் நாள்தோறும் தொடரும். படிப்பும் பயிற்சியும் எவ்வளவு இருப்பினும் பறவை காத்திருக்காது.

கால்பந்துப் போட்டியின் நாளில் வல்லூறு கட்டவிழ்த்து விடப்படுகிறது. அரங்கின் மேலே அது வட்டமிடுகிறது. மாணவர் ஒருவர் கயிற்றில் கட்டிய போலி இரையைச் சுழற்றி அதனை அழைக்கிறார். பறவை விரும்பினால் வரும். விரும்பாவிடில் விண்ணில் மறைந்துவிடும். அரங்கம் முழுவதும் ஆரவாரிக்கிறது. அம்மாணவரோ மேலே நோக்கியபடி நிற்கிறார். பல மாத உழைப்பும் அன்பும் அந்த ஒரு நொடியில் சோதிக்கப்படுகின்றன.

போட்டிக்கு முன் எதிரணியின் சின்னத்தைக் கவர்ந்து செல்வது அந்நாட்டுப் படைக் கல்லூரிகளில் நெடுநாளைய குறும்பு. 2018ஆம் ஆண்டு அத்தகைய குறும்பு ஒன்றில் 'அரோரா' என்னும் வெண்ணிற வல்லூறு சிக்கியது. அதற்கு அப்போது வயது 22. சிறகில் காயம்பட்ட அப்பறவைக்கு உடனே மருத்துவம் செய்யப்பட்டது. எதிரணிக் கல்லூரி வருத்தம் தெரிவித்தது. அரோரா தேறியது, மறு ஆண்டு, தன் 23ஆம் வயதில் இறந்தது.

குறும்பு செய்தோர் அப்பறவையை வெறும் சின்னமாகக் கண்டனர். வளர்த்தோர் அதனை ஓர் உயிராக அறிந்திருந்தனர். போட்டி நாளில் உரக்க முழங்குவது பள்ளிப்பற்றின் ஒரு பகுதி மட்டுமே. எவரும் காணாத விடியற்பொழுதில், ஒரு பறவையின் இருப்பிடத்தைத் துப்புரவு செய்யும் மாணவரிடமும் அப்பற்று இருக்கிறது. அதனால்தான் திறந்த வானத்தில் விடப்பட்ட வல்லூறு, அவர் கை நோக்கித் திரும்பி வருகிறது.